தகடூர் நாட்டுக் கோயில்களையும் நடுகற்களையும் படமெடுக்க வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பழங்கோயில்களையும் கோட்டைகளையும் நடுகற்களையும் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிறேன். வெளியூரிலிருந்து கேமராவுடன் வரும் நண்பர்களும் வரலாறு படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். அழகான படம் எடுப்பதைவிட, நாளை ஒருவர் பார்த்துப் பயன்பெறும் படம் எடுப்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஆகவே விடைகளும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

இந்தப் பகுதியில் எங்கிருந்து தொடங்குவது?

தருமபுரி நகரிலேயே தொடங்கலாம். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இதுதான். அங்குள்ள கோட்டைக் கோயிலில் மல்லிகார்ஜுனருக்கும் காமாட்சி அம்மனுக்கும் தனித்தனிச் சன்னதிகள் உள்ளன. இப்பகுதியை ஆண்ட நுளம்ப அரச மரபினர் காலக் கலைப்பாணியை இங்கே நேரில் காணலாம். அங்கிருந்து சேலம் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் அதியமான்கோட்டை. அந்த ஊரின் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து மேற்கூரையில் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. அரூர்ப் பக்கம் போனால் அருணகிரிநாதர் பாடிய தீர்த்தமலை.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில், தென்பெண்ணைக் கரையில் உள்ள பெண்ணேஸ்வரமடம், போசள மன்னன் வீர இராமநாதன் தலைநகராகக் கொண்டிருந்த குந்தாணி, மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் (பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்), ராயக்கோட்டை மலைக்கோட்டை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் கோயிலை ஒரு முறை வலம் வந்து, வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, எந்தச் சிற்பம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கவனித்துவிட்டுத் தொடங்கினால், மீதி நேரத்தில் எடுக்கும் படங்கள் வீணாகா.

கோயிலுக்குள் கேமராவும் செல்பேசியும் கொண்டு போக அனுமதி உண்டா?

கோயில் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் வாசலிலேயே 1958-ஆம் ஆண்டுப் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிடும் அறிவிப்புப் பலகை இருக்கும். அத்தகைய இடங்களில் அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி ஆகிய மூன்றைத் தவிர மற்றவற்றில் பார்வையாளர்கள் படமெடுக்கலாம் என்று 2018-இல் அறிவித்தார்கள். ஆனால் டிரைபாட் வைத்து எடுப்பதற்கும், செயற்கை விளக்குகளைப் பயன்படுத்துவதற்கும், வணிக நோக்கிலான படப்பிடிப்புக்கும் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்.

அறநிலையத் துறைக் கோயில்களில் நிலைமை வேறு. தமிழகக் கோயில்களுக்குள் செல்பேசியைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பெரிய கோயில்களில் வாசலிலேயே செல்பேசியை ஒப்படைத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். சிற்றூர்க் கோயில்களில் அத்தகைய ஏற்பாடு இல்லாமல் இருக்கலாம். ஏற்பாடு இல்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குருக்களையோ பட்டாச்சாரியாரையோ அலுவலகத்தில் இருப்பவரையோ பார்த்து, "சாமி, வெளிப்பிரகாரத்துச் சுவரையும் தூண்களையும் மட்டும் படமெடுத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதைக் குறிப்பிட்டுக் கேட்டால், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். கருவறையையும் மூலவரையும் எந்தச் சூழ்நிலையிலும் எடுக்க வேண்டாம். தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுப்பதும் எடுப்பதுதான்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வந்தால் நல்ல வெளிச்சம் கிடைக்கும்?

காலை ஆறரை முதல் ஒன்பது வரையிலும் மாலை நான்கு முதல் ஆறு வரையிலும் என்பது எல்லோரும் சொல்லும் விடை. பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவதால் அது நமக்கும் ஒத்துவரும். ஆனால் கோட்டச் சிற்பங்களை, அதாவது கருவறையின் வெளிச்சுவர் மாடங்களில் உள்ள தெய்வ உருவங்களைப் படமெடுக்க வருபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கே சில ஆண்டுகள் ஆயின.

தருமபுரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு இருபதை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து போகிறது. இடைப்பட்ட வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் சூரியன் நாள் முழுவதும் நமக்கு வடக்கே நகர்கிறது. கிழக்கு நோக்கிய சிவன் கோயிலில் தென்சுவரில் தட்சிணாமூர்த்தியும், பின்சுவரில் இலிங்கோத்பவரும், வடசுவரில் பிரம்மாவும் துர்க்கையும் இருப்பது வழக்கம் அல்லவா? மார்கழி, தை மாதங்களில் வந்தால் தட்சிணாமூர்த்தி மீது நாள் முழுக்க வெயில் விழும். துர்க்கை நிழலிலேயே இருப்பாள். ஆனியில் வந்தால் நிலைமை தலைகீழ். அதிலும் ஆனி மாதக் காலை எட்டு மணி வெயில் வடசுவரை நேராகத் தாக்காமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போவதால், துர்க்கையின் கைச் சங்கும் சக்கரமும் தனித்தனியே எழுந்து நிற்கும். உச்சி வேளையில் மேலே நீண்டிருக்கும் கொடுங்கையின் நிழல் முகத்தில் விழுந்துவிடும்.

ஆகவே ஒரு கோயிலை முழுமையாகப் பதிவு செய்ய விரும்பினால் தையில் ஒரு முறையும் ஆனியில் ஒரு முறையும் வர வேண்டும். இரண்டாம் முறை வர இயலாதவர்கள், மேகம் மூடிய நாளில் கிடைக்கும் சீரான வெளிச்சத்தில் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொள்ளலாம். புடைப்பு குறைவாகத் தெரியும் என்றாலும் எந்தப் பகுதியும் இருளில் மறையாது.

கல்வெட்டைப் படமெடுத்தால் எழுத்தே தெரிவதில்லை. என்ன செய்வது?

எழுத்துகள் கல்லில் வெட்டப்பட்ட பள்ளங்கள். நேர் எதிரே இருந்து வெளிச்சம் விழுந்தால் பள்ளமும் மேடும் ஒரே நிறமாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து விழுந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிழல் கிடைக்கும். இயற்கை வெளிச்சம் அப்படி அமையாத இடத்தில், அனுமதி இருந்தால், ஒரு சிறிய டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டினாற்போலப் பிடித்து, வெளிச்சம் சுவரை உரசிப் போகும்படி செய்யுங்கள். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் என மூன்று எடுத்தால், ஒன்றில் விடுபட்ட கோடு இன்னொன்றில் தெரியும். எழுத்துகளைப் படிப்பவருக்கு இது பெரிய உதவி.

எழுத்து தெரியட்டும் என்று சாக்பீசைத் தேய்ப்பதும், கோதுமை மாவையோ விபூதியையோ அப்புவதும், எண்ணெய் தடவுவதும் நம் பக்கத்தில் இன்னமும் நடக்கின்றன. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்றாலும், தயவுசெய்து எதையும் பூசாதீர்கள். சாக்பீசால் எழுதும் கை, தனக்குத் தெரிந்த எழுத்தின் வடிவத்தைத்தான் வரையும். கல்லில் இருப்பது வேறாக இருக்கலாம். பிறகு வருபவர் உங்கள் சாக்பீஸ் கோட்டைப் படிப்பாரே தவிர, கல்வெட்டைப் படிக்க மாட்டார். எண்ணெயோ கல்லில் ஊறி, தூசியைப் பிடித்து, எழுத்தின் பள்ளத்தையே அடைத்துவிடுகிறது. உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மெல்லத் தட்டுவதற்கு மேல் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் பதிவு செய்யும் மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அதை அவர்களிடம் விட்டுவிடலாம்.

படமெடுக்கும்போது முதலில் சுவர் முழுவதும், பிறகு கல்வெட்டு முழுவதும், பிறகு இடமிருந்து வலமாகப் பகுதி பகுதியாக, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் கால் பங்கை மீண்டும் காட்டும்படி எடுங்கள். ஒரு படத்திலாவது அளவுகோலை அருகில் வையுங்கள். கல்வெட்டின் மேல் சாய்த்து வைக்காமல், உதவிக்கு வந்தவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நடுகற்களைப் படமெடுப்பதில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் உண்மையான செல்வம் நடுகற்கள்தான் என்பேன். ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது வீழ்ந்தவனுக்கும், ஆநிரையை மீட்கப் போய் வீழ்ந்தவனுக்கும், ஊருக்குள் வந்த புலியைக் குத்தி அதோடு தானும் மடிந்தவனுக்கும் ஊரார் எடுத்த கற்கள் இவை. பழைய கற்களில் வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து இருக்கும். 'கோவிசைய' என்று தொடங்கி அரசனின் பெயரையும் ஆட்சியாண்டையும் சொல்லி, பின்பு வீரன் பட்ட செய்தியைச் சொல்லும். எழுத்து பெரும்பாலும் வீரனின் தலைக்கு மேலும் தோளின் இருபுறமும் ஓடும். ஆகவே உருவத்தை மட்டும் சட்டகத்துக்குள் அடக்கி, கல்லின் ஓரங்களை வெட்டிவிட்டால் செய்தி போய்விடும். கல்லின் நான்கு விளிம்புகளும் படத்தில் இருக்கட்டும். பின்புறத்தையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுள் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படும் தெய்வங்கள். ஊருக்கு வெளியே, மரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் பூசி, வேட்டி கட்டி, மாலை சூட்டி நிற்கும் வேடியப்பனின் ஆடைக்குள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து இருக்கலாம். அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலில் மாலையை நாமே விலக்கக் கூடாது. ஊர்ப் பெரியவரையோ பூசாரியையோ அழைத்து விவரத்தைச் சொல்லுங்கள். "எங்கள் சாமி கல்லில் என்ன எழுதியிருக்கிறது?" என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவர்களுக்கும் உண்டு. அபிடேகத்துக்கு முன் அலங்காரம் களையும் நேரத்தைச் சொல்லி, அப்போது வரச் சொன்ன பூசாரிகளை நான் பார்த்திருக்கிறேன். செருப்பைத் தள்ளி விட்டுவிட்டு வாருங்கள். திரும்பும்போது, கல்லில் படித்தறிந்த செய்தியை ஊராரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்; தெரிந்த பிறகு அந்தக் கல்லை அவர்கள் பார்த்துக்கொள்ளும் விதமே மாறிவிடுகிறது.

என்னால் மறக்க முடியாத ஒரு தவறையும் சொல்ல வேண்டும். அரூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் சாலையோரம் நின்ற நடுகல் ஒன்றை ஒரு நண்பகலில், வண்டியை விட்டு இறங்கிய வேகத்தில், ஒரே ஒரு படம் எடுத்தேன். வீரனின் வில் தெரிந்தது. தலைக்கு மேல் மூன்று வரி எழுத்து இருப்பதும் தெரிந்தது. மாலை வெயிலில் வந்து நன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனவன், அடுத்த ஆண்டுதான் திரும்பினேன். இடையில் சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள். கல் இருந்த இடத்தில் சரளைக் குவியல் இருந்தது. கல் எங்கே போயிற்று என்று எவருக்கும் தெரியவில்லை. என்னிடம் இருக்கும் அந்த ஒற்றைப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மூன்று வரிகளில் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. அன்றைக்கு நான்கு மணி நேரம் காத்திருந்தால் அந்த வீரனின் பெயர் கிடைத்திருக்கும்.

அதியமான்கோட்டை ஓவியங்களை ஃபிளாஷ் இல்லாமல் எப்படி எடுப்பது?

ஓவியத்தின் மேல் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. நிறங்கள் ஒளியால் மங்குபவை, மங்கியது திரும்பாது. படத்துக்கும் அது நல்லதல்ல, நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழுவதோடு சரி.

மேற்கூரை ஓவியத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. கைக்குட்டையைத் தரையில் விரித்து, செல்பேசியைத் திரை கீழே இருக்குமாறு கவிழ்த்து வைத்து, பத்து விநாடி டைமர் போட்டுவிட்டு விலகி நில்லுங்கள். தரை அசையாது; ஆகவே படமும் கலங்காது. கேமரா என்றால் லென்ஸை மேல்நோக்கி வைத்து, ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறனைக் குறைத்து, ஒன்றிரண்டு விநாடி எக்ஸ்போஷர் கொடுக்கலாம். தூணிலிருந்து தூண் வரை ஒரு கட்டம் என்று கணக்கு வைத்துக்கொண்டு வரிசையாக நகர்ந்தால், கதையின் வரிசையும் கெடாது.

டிரைபாட் அனுமதி இல்லாத இடத்தில் வேறு என்ன வழி?

ஒரு சிறிய துணிப்பையில் முக்கால் கிலோ ராகியை நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். திண்ணையிலோ படியிலோ வைத்து அதன் மேல் கேமராவை அழுத்தினால், ராகி நகர்ந்து கேமராவைப் பிடித்துக்கொள்ளும். மணலைவிட ராகி சிறந்தது. பை கிழிந்தாலும் கேமராவுக்குள் போகாது. சிற்பத்தின் மேலோ பலிபீடத்தின் மேலோ வைக்க வேண்டாம்.

தருமபுரிக் கோட்டைக் கோயிலில் தரையைத் தொடாமல் தொங்கும் தூணைப் படத்தில் காட்ட முடியுமா?

நின்றபடி எடுத்தால் அது மற்றத் தூண்களைப் போலத்தான் தெரியும். தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, தூணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளி வெண்கோடாகத் தெரியும். துணியை நுழைத்து இழுத்துக் காட்டுவதைப் பலரும் செய்கிறார்கள். தூணைத் தேய்க்காமலேயே தாள் அதைக் காட்டிவிடும்.

அதே கோயிலில் காமாட்சி அம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகள் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. தூணைப் பார்த்துவிட்டு இவற்றைப் பார்க்காமல் போகிறவர்களே அதிகம் என்பது எனக்கு வருத்தம். மண்டியிட்டு, சிற்பத்தின் உயரத்துக்குக் கேமராவை இறக்கி, வரிசையை விடாமல் எடுங்கள்.

விலை உயர்ந்த கேமரா வேண்டுமா?

வேண்டியதில்லை. இன்றைய சாதாரண செல்பேசியே கல்வெட்டுக்கும் நடுகல்லுக்கும் போதும். உயரமான விமானத்தின் சுதைச் சிற்பங்களுக்கு மட்டும் தொலைவு லென்ஸ் தேவைப்படும்.

டிரோன் பறக்கவிடலாமா?

2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி எங்கே அனுமதி வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைப் பொறுத்து வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என வரைபடத்தில் பிரிக்கப்பட்டுள்ளது. வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். என் கருத்தைக் கேட்டால், இந்தப் பகுதிக் கோயில்களுக்கு டிரோன் தேவையே இல்லை. பக்கத்தில் ஏறிப் பார்க்க ஒரு குன்று எப்போதும் இருக்கிறது.

ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகளில் என்ன எடுக்கலாம்?

பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதே ஆண்டில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரு ஓவியர்கள் இவ்வழியே பயணம் செய்து ராயக்கோட்டையையும் ஜெகதேவிப் பக்கத்து மலைக்கோட்டைகளையும் வரைந்தார்கள். பிறகு 1857-58-இல் சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், மெழுகு தோய்த்த காகித நெகடிவ்களோடு ராயக்கோட்டைக்கு வந்து படமெடுத்தார். தமிழ்நாட்டில் புகைப்படக் கலை காலூன்றிய தொடக்க ஆண்டுகளிலேயே நம் மலையும் படமாகியிருக்கிறது என்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்கே பெரும்பாலும் தெரியாத செய்தி.

அந்தப் பழைய படங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றைச் செல்பேசியில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் நின்று அதே சட்டகத்தை எடுத்துப் பாருங்கள். பாறையின் விளிம்பு மாறியிருக்காது. அதைக் குறியாகக் கொண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். அடிவாரத்தில் எது புதிதாக வந்திருக்கிறது, மதிலில் எது விழுந்திருக்கிறது என்பதை இரு படங்களும் சேர்ந்து சொல்லும். விடியற்காலையில் ஏறத் தொடங்குங்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போக வேண்டாம். மார்கழியில் மூடுபனி விலக ஒன்பது மணிகூட ஆகும்.

வழிபட வருபவர்களைப் படமெடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலில் தேய்பிறை அட்டமி அன்று சாம்பல் பூசணியில் விளக்கேற்றுகிறார்கள். வரிசையாக எரியும் விளக்குகள் எவரையும் ஈர்க்கும். ஆனால் ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு வேண்டுதல் இருக்கிறது. விளக்கை எடுங்கள், கைகளை எடுங்கள். கண்மூடி அழுதுகொண்டிருக்கும் முகத்தை எடுக்காதீர்கள். குழந்தைகளை எடுப்பதானால் பெற்றோரைக் கேளுங்கள். படத்தை அனுப்புவதாகச் சொன்னால் கட்டாயம் அனுப்பிவிடுங்கள். அனுப்பாமல் விட்டவர்களால்தான் அடுத்து வருபவருக்குக் கதவு அடைபடுகிறது.

எடுத்த படங்களை எப்படிப் பாதுகாப்பது? இணையத்தில் போடலாமா?

அன்று இரவே ஊர், கோயில், எந்தச் சுவர், நாள் ஆகிய நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எல்லாத் தூண்களும் ஒன்று போலவே தெரியும். இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

இப்படிப் பேர் எழுதி வைத்த படத்தின் மதிப்பு எப்போது தெரியும் என்பதற்கு விருத்தாசலத்தைச் சொல்லலாம். அங்குள்ள கோயிலிலிருந்து திருடப்பட்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போன அர்த்தநாரீஸ்வரர் சிலை 2014-இல் திரும்பி வந்தது. அது விருத்தாசலத்துச் சிலைதான் என்று நிறுவ உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் திருட்டுக்கு முன்பு எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம். எடுத்தவர் அன்று கலைநயத்துக்காகப் போராடியிருக்க வேண்டியதில்லை. சிலை முழுதாகத் தெரிந்தது, இடம் பதிவாகியிருந்தது, அவ்வளவுதான். திருப்பணியின்போது சுண்ணாம்பும் எனாமல் பெயிண்டும் ஏறுவதற்கு முன் ஒரு கோயில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளவும் இத்தகைய படங்களே உதவுகின்றன.

இணையத்தில் போடுவதில் ஒரு வரையறை வைத்துக்கொள்கிறேன். எல்லோரும் அறிந்த கோயில்களின் படங்களை இடத்தோடு போடுகிறேன். காட்டோரத்தில் காவலின்றி நிற்கும் நடுகல், பூட்டில்லாத சிறு கோயிலின் செப்புத் திருமேனி போன்றவற்றுக்கு ஊர்ப்பெயரையும் இருப்பிடக் குறியையும் நீக்கிவிடுகிறேன். செல்பேசி தானாகவே படத்துக்குள் இருப்பிடத்தைப் பதிந்து வைக்கும் என்பதால் அந்த வசதியை முன்பே அணைத்துவிட வேண்டும். முழு விவரத்தோடு கூடிய படிகளை மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ கொடுத்துவிடலாம்.

புதிய நடுகல்லையோ கல்வெட்டையோ கண்டுபிடித்தால் என்ன செய்வது?

இருந்த இடத்திலேயே, இருந்த நிலையிலேயே விட்டுவிட்டு, சுற்றுப்புறம் தெரியும்படி நான்கு திசைகளிலிருந்தும் படமெடுங்கள். தோண்டவோ நிமிர்த்தவோ வேண்டாம். ஊரில் அதை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையினரிடமும் தெரிவியுங்கள். வெயில் சரியில்லை என்றால் மாலை வரை அங்கேயே இருங்கள்.